போனில் ஏஸ் அட்டர்னி: முதல்முறை ஆடுபவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சாட்சிக் கூண்டில் நிற்பவர் பொய் சொல்கிறார். அது உங்களுக்கும் தெரிகிறது. ஆனால் எந்த வரியில் பொய், எந்தச் சான்றை நீட்டினால் அது உடையும் என்று காட்டினால்தான் நீதிபதி காது கொடுப்பார். ஏஸ் அட்டர்னி தொடரில் நீங்கள் செய்யப்போகும் வேலை இதுதான். துப்பாக்கி கிடையாது, ஓட்டம் கிடையாது. படிப்பது, யோசிப்பது, சரியான நேரத்தில் கத்துவது, அவ்வளவுதான்.

2001 அக்டோபரில் ஜப்பானில் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்காக காப்காம் வெளியிட்டது முதல் ஆட்டம். அங்கே அதன் பெயர் கியாகுடென் சைபான். எழுதி இயக்கியவர் ஷூ தகுமி. நீங்கள் ஆடும் நாயகனான வக்கீல் பீனிக்ஸ் ரைட் கத்தும் ஆட்சேபக் குரல்கூட ஜப்பானியப் பதிப்பில் அவருடையதுதான். 2005-ல் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பிறகு உலகம் முழுக்க ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

தொடர் போனுக்கு வந்தபோது அந்தப் பழைய ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். டிஎஸ்-இன் இரண்டு திரை இல்லாமல் இது என்ன ஆட்டம், மைக்கில் "அப்ஜெக்‌ஷன்" என்று கத்த முடியாதே, புள்ளி புள்ளியாக இருந்த படங்களை வழவழவென்று மாற்றிவிட்டார்களே என்றது ஒரு கட்சி. படிக்கிற ஆட்டத்துக்குப் போனை விட நல்ல இடம் எது என்றது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. இதில் விரல் வேகம் எங்கேயும் தேவைப்படாது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் அப்படியே நிறுத்திவிட்டு இறங்கலாம், சாட்சி கூண்டிலேயே காத்திருப்பார்.

சரி, வேலையைத் தொடங்குவோம்.

படி 1: எதை வாங்குவது

முதல் மூன்று ஆட்டங்களும் சேர்ந்த தொகுப்பு 'ஏஸ் அட்டர்னி டிரிலஜி'. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. புதியவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றைத்தான். மொத்தம் 14 வழக்குகள்: முதல் ஆட்டத்தில் 5, இரண்டாவதில் 4, மூன்றாவதில் 5.

கடையில் தேடும்போது வெளியிட்டவர் பெயர் காப்காம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இலவசம் என்று சொல்லி எங்கோ கிடைக்கும் ஆப் கோப்பை இறக்காதீர்கள். உங்கள் போனுக்கும் ஆப்புக்கும் ஒத்துப்போகுமா என்பதை வாங்கும் முன்பே அந்தப் பக்கத்தில் சரிபார்த்துவிடுங்கள். அவசரம் இல்லையென்றால் விலை குறையும்வரை காத்திருக்கலாம்.

ஒரு விஷயம்: தமிழில் இது இல்லை. ஆங்கிலம், ஜப்பானியம், இன்னும் சில மொழிகள்தான். ஆங்கிலம் கடினமாக இருக்காது, பேச்சு நடைதான். ஆனால் நிறையப் படிக்க வேண்டும். படிக்கவே பிடிக்காது என்பவர்களுக்கு இந்த ஆட்டம் சரிப்படாது. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

படி 2: காதில் இயர்போன்

செட்டிங்ஸில் பெரிதாக மாற்ற ஒன்றுமில்லை. இயர்போன் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்துக்கு இசை மசகாசு சுகிமோரி. அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. குறுக்கு விசாரணை நிதானமான இசையில் தொடங்கும். விஷயம் சூடுபிடித்ததும் அதே இசை வேகமெடுக்கும். நீங்கள் பெரிய ஓட்டையைப் பிடிக்கும்போது இசை சட்டென்று நின்றுவிடும். சரியான பாதையில் போகிறோமா என்று சில நேரம் காதுக்குத்தான் முதலில் தெரியும்.

படி 3: முதல் வழக்கை அவசரமில்லாமல் முடியுங்கள்

முதல் வழக்கு உங்களுக்கான பயிற்சி. பீனிக்ஸ் ரைட் அன்றுதான் முதன்முறையாக ஒரு கட்சிக்காரருக்காகக் கோர்ட்டில் நிற்கிறான். குற்றம் சாட்டப்பட்டவன் அவனுடைய பால்ய நண்பன் லாரி பட்ஸ். கொல்லப்பட்டவர் சிண்டி ஸ்டோன். பக்கத்தில் நின்று வழிகாட்டுபவர் பீனிக்ஸின் குரு மியா ஃபே.

கொலையாளி யார் என்று தொடக்கக் காட்சியிலேயே காட்டிவிடுவார்கள். அதனால் 'யார்' என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், 'எப்படி நிரூபிப்பது' என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது.

ஆரம்பத்தில் நீதிபதி உங்களையே சோதிப்பார். குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் என்ன, இறந்தவர் யார், எப்படி இறந்தார் என்று கேட்பார். பதில் தெரியவில்லையென்றால் 'கோர்ட் ரெக்கார்ட்' என்ற பொத்தானைத் தட்டுங்கள். வழக்கின் எல்லாச் சான்றுகளும், ஆட்களின் விவரங்களும் அங்கேதான். இனி வரும் எல்லா வழக்குகளிலும் உங்கள் கை அதிகமாகப் போகப்போவது இந்தப் பொத்தானுக்குத்தான்.

பிறகு ஃபிராங்க் சாவிட் என்ற செய்தித்தாள் விற்பனையாளர் கூண்டேறுவார். லாரி ஓடுவதைப் பார்த்தேன், உள்ளே பிணம் கிடந்தது, போலீஸுக்குப் போன் செய்தேன், அப்போது மணி சரியாக மதியம் ஒன்று என்று அடித்துச் சொல்வார். இப்போது கோர்ட் ரெக்கார்டைத் திறந்து பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படியுங்கள். மரணம் மாலை 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் என்று இருக்கும்.

மாலையில் இறந்தவரின் பிணத்தை மதியமே எப்படிப் பார்க்க முடியும்? அந்த 'ஒரு மணி' வரிக்குப் போய், அறிக்கையைத் தேர்ந்தெடுத்து, 'பிரசென்ட்' என்பதைத் தட்டுங்கள். பீனிக்ஸ் விரலை நீட்டி "அப்ஜெக்‌ஷன்!" என்று கத்துவான். தொடரின் மற்ற எல்லா வழக்குகளும் இந்த ஒரு அசைவின் மேல்தான் நிற்கின்றன.

சாவிட் அத்தோடு விழமாட்டார். வேறு கதை சொல்வார், அதையும் உடைக்க வேண்டும், அப்புறம் இன்னொன்று. மீதியைச் சொல்லமாட்டேன்.

படி 4: அழுத்திக் கேட்பதும் ஆட்சேபிப்பதும்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

குறுக்கு விசாரணையில் சாட்சியம் ஒவ்வொரு வரியாக வரும், கடைசி வரி முடிந்தால் திரும்ப முதலிலிருந்து சுற்றும். ஒவ்வொரு வரியிலும் உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று 'பிரெஸ்': "ஹோல்ட் இட்!" என்று நிறுத்தி அந்த வரியைத் துருவிக் கேட்பது. இன்னொன்று 'பிரசென்ட்': சான்றை நீட்டி, இது பொய் என்று சொல்வது.

பிரெஸ் செய்ய முதல் ஆட்டத்தில் பெரும்பாலும் செலவில்லை. எனவே எந்தச் சாட்சியம் வந்தாலும் முதல் சுற்றில் எல்லா வரிகளையும் அழுத்திக் கேட்டுவிடுங்கள். சில நேரம் சாட்சி வாய்தவறிப் புதிதாக ஒரு வரியைச் சேர்ப்பார், ஓட்டை அந்த வரியில்தான் இருக்கும். மூன்றாவது ஆட்டம் வரை இந்தப் பழக்கம் கைகொடுக்கும். பின்னால் வரும் சில இடங்களில் மட்டும், தேவையில்லாமல் கேட்டால் தண்டனை என்று எச்சரிப்பார்கள். அங்கே பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

பிரசென்ட் அப்படியில்லை. முதல் ஆட்டத்தில் உங்களுக்கு ஐந்து ஆச்சரியக்குறிகள் இருக்கும். தவறான சான்றை நீட்டினால் ஒன்று போகும். ஐந்தும் போனால் உங்கள் கட்சிக்காரர் குற்றவாளி. அதனால் நீட்டும் முன் சேவ் செய்துவிடுங்கள். அது ஏமாற்று வேலை என்று சொல்லும் கறாரான ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

எதை நீட்டுவது என்று எப்படி முடிவு செய்வது? சான்றையும் வரியையும் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வரி உண்மை என்றால், இந்தச் சான்று பொய்யாகிவிடுமா? 'ஆமாம்' என்றால் நீட்டலாம். 'ஆமாம், ஆனால் இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்த்தால்' என்று மனம் இழுத்தால் நீட்டாதீர்கள். இது சந்தேகத்தைச் சொல்லும் இடமில்லை, நேர் முரண்பாட்டைக் காட்டும் இடம்.

ரசிகர்கள் காலங்காலமாகப் புலம்பும் விஷயமும் இதோடு ஒட்டியதுதான். கொலை நடந்த விதம் உங்களுக்கு அரைமணி நேரம் முன்பே புரிந்துவிடும், ஆனால் பீனிக்ஸுக்குப் புரிந்திருக்காது. நீங்கள் முந்திக்கொண்டு சரியான சான்றை நீட்டினாலும் தவறு என்று குறி போய்விடும். புலம்பல் நியாயமானதுதான். ஆனாலும் வழி ஒன்றே: கதை இப்போது எந்தக் கேள்வியில் நிற்கிறதோ, அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

படி 5: கோர்ட்டுக்கு வெளியே

இரண்டாவது வழக்கிலிருந்து துப்பறியும் பகுதியும் சேர்ந்துகொள்ளும். இடத்தைச் சோதிப்பது, வேறு இடத்துக்குப் போவது, பேசுவது, சான்றைக் காட்டுவது என நான்கு வேலைகள். தேவையானது எல்லாம் கிடைக்காமல் கதை அடுத்த நாளுக்கு நகராது. ஆகவே எதையாவது தவறவிட்டோமோ என்ற பயம் வேண்டாம்.

நகராமல் நின்றுவிட்டால், புதிதாகக் கிடைத்த சான்றை எல்லோரிடமும் காட்டிப் பாருங்கள். பேசி முடித்த தலைப்புகளில் டிக் குறி விழும், விழாதது இருந்தால் பேசுங்கள். பார்த்த இடம்தானே என்று நினைக்காமல் ஒருமுறை திரும்பிப் போங்கள், அங்கே வேறு ஆள் நிற்கலாம். திரையில் ஏணி தெரிந்தால் தட்டாமல் விடாதீர்கள். வழக்குக்கு ஒரு பயனும் இல்லை, ஆனாலும் அங்கே வரும் வேடிக்கைப் பேச்சுக்காகத் தட்டுங்கள். வக்கீல் பேட்ஜையும் பார்க்கிற ஆளிடமெல்லாம் காட்டுவது ரசிகர் மரபு.

சட்டம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. வழக்கு மூன்று நாளில் முடிந்தாக வேண்டும், ஜூரி கிடையாது, தடயங்களைத் தேடி வக்கீலே அலைய வேண்டும். நிஜக் கோர்ட்டை மனதில் வைத்து ஆடினால் எரிச்சல்தான் வரும். ஆனால் இது வெறும் கற்பனை என்றும் தள்ள முடியாது. ஜப்பானில் வழக்கு கோர்ட்டுக்குப் போனால் தண்டனை கிடைக்கும் விகிதம் 99 சதவீதத்துக்கு மேல். குற்ற வழக்குகளில் நீதிபதிகளோடு பொதுமக்களும் அமரும் முறை அங்கே தொடங்கியது 2009-ல்தான். 2001-ல் வந்த இந்த ஆட்டத்தில் அரசுத் தரப்பு வக்கீல்கள் தோல்வியே தெரியாதவர்களாக நடமாடுவது அந்தப் பின்னணியில்தான்.

படி 6: முட்டிக்கொண்டு நின்றால்

முதலில் சான்றுகளின் விவரத்தைத் திரும்பப் படியுங்கள். படங்கள், வரைபடங்கள் சிலவற்றைத் தட்டினால் பெரிதாகத் திறக்கும், முக்கியமான விஷயம் உள்ளே இருக்கும். அப்படியும் வழி தெரியவில்லையென்றால் போனை வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

அதற்கும் அசையவில்லையென்றால் இணையத்தில் குறிப்புத் தேடலாம், ஆனால் ஜாக்கிரதை. யூடியூபில் தேடினால் படத்திலேயே கொலையாளி முகம் நிற்கும். 'யுனிவர்சல் ஹின்ட் சிஸ்டம்' போன்ற தளங்கள் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்கும், முதல் குறிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். ரசிகர் குழுக்களில் மூன்று ஆட்டங்களையும் முடித்த பிறகு சேருங்கள். அங்கே இருப்பவர்கள் இருபது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எது ரகசியம் என்ற நினைவே பலருக்கு இல்லை.

படி 7: முதல் ஆட்டத்தின் ஐந்தாவது வழக்கு

இது கேம் பாயில் இல்லாதது, 2005-ல் டிஎஸ் பதிப்புக்காகச் சேர்த்தது. மிக நீளம். ரத்தக் கறை தேடுவது, கைரேகைப் பொடி தூவுவது, சான்றுகளைச் சுழற்றிப் பார்ப்பது எல்லாம் இதில் உண்டு. தொடுதிரைக்காகச் செய்தவை என்பதால் போனில் விரலுக்கு நன்றாகவே பொருந்துகின்றன. மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு எழுதப்பட்டது, ஆகவே கடைசியில்தான் ஆட வேண்டும் என்று சில ரசிகர்கள் வாதிடுவார்கள். நான் வரிசைப்படியே ஆடச் சொல்வேன், நாலாவது வழக்குக்கும் இதற்கும் நடுவில் சில நாள் இடைவெளி விட்டு.

படி 8: இரண்டாவது ஆட்டத்தில் மாறுபவை

ஆச்சரியக்குறிகள் போய் ஒரு பட்டை வரும். சில தவறுகளுக்குக் கொஞ்சம் குறையும், சிலவற்றுக்குப் பாதியே போகும். நீட்டும் முன் எவ்வளவு பணயம் என்று பட்டையே மின்னிக் காட்டும். சான்றுகளை மட்டுமல்ல, ஆட்களின் விவரப் பக்கத்தையும் நீட்டலாம். இதை மறந்துவிட்டு இல்லாத சான்றைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் அதிகம்.

கூடவே வருவது சைக்கி-லாக். ஒருவர் ரகசியத்தை மறைத்தால் அவரைச் சுற்றிச் சங்கிலியும் பூட்டும் தெரியும். மாகடாமா என்ற கல்லைக் காட்டி ஒவ்வொரு பூட்டாக உடைக்க வேண்டும். கையில் சான்று போதாது என்று தோன்றினால் பாதியில் விலகலாம், தண்டனை இல்லை. எல்லாப் பூட்டையும் உடைத்தால் இழந்த பட்டையில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

இந்த ஆட்டத்தின் மூன்றாவது வழக்கு சர்க்கஸில் நடக்கிறது. தொடரிலேயே அலுப்பான வழக்கு எது என்ற பேச்சு வந்தால் இதன் பெயர் தவறாமல் அடிபடும். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அங்கே விட்டுவிடாதீர்கள், அடுத்து வரும் நாலாவது வழக்கு ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவது.

மூன்றாவது ஆட்டத்துக்குத் தனி விளக்கம் தேவையில்லை. அதற்குள் நீங்களே தேர்ந்த வக்கீல் ஆகியிருப்பீர்கள். முன்னால் பார்த்த சின்னச் சின்ன விஷயங்களெல்லாம் அதன் கடைசி வழக்கில் வந்து சேரும், எனவே வழக்குகளைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். முடித்த பிறகு கதையில் அடுத்து வருவது 2007-ல் வெளியான 'அப்பல்லோ ஜஸ்டிஸ்'. கதை ஏழு ஆண்டு தாவும், நாயகனும் மாறுவான், எனவே மூன்றையும் முடித்த கையோடு அதைத் திறக்காமல் கொஞ்ச நாள் விட்டு ஆடுங்கள்.