என்ஜின் எண் குறிப்பதில் தொடங்குங்கள்: ரயில் ரசிகர்களுக்கு ஒரு செய்முறை

ரயில் ரசிகர்களில் பல ரகம் உண்டு. என்ஜின் எண்களைக் குறித்து வைப்பவர்கள், ஒரு வளைவில் ஒரே ஒரு நல்ல படத்துக்காக வெயிலில் காத்து நிற்பவர்கள், ஹாரனையும் டீசல் என்ஜின் இரைச்சலையும் பதிவு செய்பவர்கள், போகாத தடம் எதையும் மிச்சம் வைக்காத பயணப் பிரியர்கள், கால அட்டவணையையும் ரேக் லிங்க்கையும் (ஒரே பெட்டித் தொகுப்பு எந்தெந்த வண்டிகளாக ஓடுகிறது என்ற திட்டம்) கரைத்துக் குடித்தவர்கள், மாடல் ரயில் செய்பவர்கள், நீராவி என்றால் உயிரை விடுபவர்கள். நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், முதலில் எண் குறிக்கப் பழகுங்கள். கண்ணுக்கு முன் போனது என்ன என்று தெரியாமல் எடுத்த படமும் ஒலியும் பின்னால் அதிகம் உதவாது.

தொடங்க நல்ல இடம் அரக்கோணம் சந்திப்பு. சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என நாலு பக்கமும் பாதை பிரிகிறது, மின்சார என்ஜின்களைப் பராமரிக்கும் ஷெட்டும் அங்கேயே இருக்கிறது. பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய், 2 மணி நேரத்துக்குத்தான் செல்லும். நேரம் தாண்டினால் அபராதம், ஆகவே வாங்கிய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் இறங்கினால் 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு பாயும்: 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அது தொட்டால்தான் அடிக்கும் என்பதில்லை, நெருங்கினாலே பாயும். நடைமேம்பாலத்தில் நின்று செல்ஃபி ஸ்டிக்கையோ மோனோபாடையோ (ஒற்றைக்கால் கேமரா தாங்கி) கம்பிப் பக்கம் நீட்டவே கூடாது.

இனி எழுத்துகள். என்ஜினில் டபிள்யூஏபி-7 (WAP-7) என்று எழுதியிருப்பதில் முதல் எழுத்து பாதையின் அகலம்: டபிள்யூ 1,676 மி.மீ. அகலப்பாதை, ஒய் மீட்டர் கேஜ். இரண்டாவது எழுத்து ஏ என்றால் ஏசி மின்சாரம், டி என்றால் டீசல். மூன்றாவது எழுத்து வேலையைச் சொல்லும்: பி பயணி வண்டிக்கு, ஜி சரக்குக்கு, எம் இரண்டுக்கும், எஸ் ஷண்டிங்குக்கு, அதாவது நிலையத்துக்குள் பெட்டிகளை இடம் மாற்ற.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது டபிள்யூஏபி-7, டபிள்யூஏஜி-9 இரண்டுக்கும் நடுவில்தான். உடம்பு ஏறக்குறைய ஒன்றே, இரண்டுக்கும் 6 அச்சு, முக்கிய வித்தியாசம் உள்ளே இருக்கும் பல்சக்கர விகிதத்தில். நிறத்தை நம்பாதீர்கள், விளம்பரம் ஒட்டிய என்ஜின்கள் நிறைய ஓடுகின்றன. எண்ணைப் பாருங்கள். 31-இல் தொடங்கினால் டபிள்யூஏஜி-9. 37, 39 என்றால் டபிள்யூஏபி-7. 30-இல் தொடங்கினால் இன்னும் ஓர் இலக்கம் பார்க்க வேண்டும்: 300 என்று தொடங்குவது டபிள்யூஏபி-5, 302 முதல் டபிள்யூஏபி-7. சந்தேகம் இருந்தால் அச்சை எண்ணுங்கள், டபிள்யூஏபி-5-க்கு நாலுதான்.

110 கி.மீ. வேகத்தில் வரும் என்ஜின் நொடிக்கு 30 மீட்டர் தாண்டும். அதன் நீளம் சுமார் 20 மீட்டர், ஆக முக்கால் நொடிகூட உங்கள் முன் இருக்காது. வெறும் கண்ணால் படித்தால் 8 என்பது 3 ஆகிவிடும். ஃபோனில் நொடிக்கு 60 ஃபிரேம் வைத்து வீடியோ எடுத்து, பிறகு நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். முகப்பு எண் ஹெட்லைட் வெளிச்சத்தில் வெளிறிப்போகும், பக்கவாட்டு எண்ணே உறுதி.

எண்ணுக்குப் பக்கத்தில் ஷெட்டின் பெயரோ சுருக்கமோ இருக்கும்: ஆர்பிஎம் ராயபுரம், இடி ஈரோடு, ஜிஓசி பொன்மலை, எல்ஜிடி லாலாகுடா. ஒரு வண்டிக்கு வழக்கமாக வரும் ஷெட்டை விட்டு வேறு ஷெட் என்ஜின் வந்தால் அது ஆஃப்லிங்க். வரவேண்டிய என்ஜின் பழுதாகியிருக்கலாம், பராமரிப்புக்குப் போயிருக்கலாம், அதைக் கொண்டுவர வேண்டிய இணை வண்டி தாமதமாகியிருக்கலாம். ஒரே நாள் பார்த்துவிட்டு ஆஃப்லிங்க் என்று அறிவித்துவிடாதீர்கள். எந்த வண்டிக்கு எந்த ஷெட் என்ஜின் என்ற லிங்க்கே மாறியிருக்கலாம். சில வாரம் அதே வண்டியைத் தொடர்ந்து பார்த்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும், எண் குறிப்பதன் சுகமே அங்கேதான் இருக்கிறது.

நோட்டில் இவ்வளவு போதும்: தேதி, நேரம், இடம், போகும் திசை, வண்டி எண், என்ஜின் வகை, எண், ஷெட், பெட்டிகளின் எண்ணிக்கை, பெட்டி பழைய ஐசிஎஃப் வகையா புதிய எல்எச்பி வகையா. பெட்டி முனையின் இரு ஓரத்திலும் வட்டத் தட்டு பஃபர் (மோதலைத் தாங்குவது) இருந்தால் ஐசிஎஃப், நடுவில் கப்ளர் (பெட்டிகளை இணைப்பது) மட்டும் இருந்தால் எல்எச்பி. திசையை விட்டுவிட்டால் கோவை எக்ஸ்பிரஸ் 12675-ஆ 12676-ஆ என்று பின்னால் குழம்புவீர்கள். நள்ளிரவு தாண்டி வரும் வண்டி முந்தைய நாளே புறப்பட்டிருக்கலாம், ஆகவே பார்த்த தேதியையும் புறப்பட்ட தேதியையும் தனித்தனியாக எழுதுங்கள். பெரும்பாலான நோட்டுகள் கெட்டுப்போவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை சிக்னல் முன்கூட்டியே சொல்லிவிடும். நிலையத்துக்குள் நுழைய அனுமதிக்கும் ஹோம் சிக்னலுக்கு மேல் ஐந்து வெள்ளை விளக்குகள் சாய்வாக எரிந்தால் வண்டி அந்தப் பக்கத் தடத்துக்குள் வருகிறது. அதைப் பார்த்த உடனே பிளாட்பாரம் மாறிவிடலாம்.

படம் எடுக்க, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஷட்டர் 1/500 நொடியில் இருந்தால் 110 கி.மீ. வண்டி அந்த நேரத்துக்குள் 6 செ.மீ. நகர்ந்துவிடும், எண் கலங்கும். நேர் பக்கவாட்டில் 1/2000 வையுங்கள். முகம் தெரியும்படி சாய்வாக எடுத்தால் 1/1000 போதும். ஃபோனில், வண்டி வருமுன் தண்டவாளத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றே குறையுங்கள். இல்லாவிட்டால் ஹெட்லைட் உள்ளே வந்ததும் படம் முழுக்க இருண்டுவிடும். ஃபோன் படத்தில் பெட்டிகள் சாய்ந்து தெரிவது உங்கள் கைப்பிழை இல்லை. சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால் வருவது, கொஞ்சம் தள்ளி நின்றால் குறையும்.

ஒலி பதிபவர்கள் லெவலைக் கையால் வைக்க வேண்டும். சாதாரண இரைச்சலுக்கு ஏற்றபடி வைத்தால் ஹாரன் அடிக்கும்போது பதிவு உடைந்துவிடும். ஹாரனுக்கு இடம் விட்டுக் குறைத்தே வையுங்கள், மைக்குக்குப் பஞ்சு உறையும் போடுங்கள். டபிள்யூடிஎம்-3ஏ டீசல் என்ஜின் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது எடுப்பது தனி அழகு. உள்ளே போகும் டீசல் கூடும் வேகத்துக்கு, காற்றை அழுத்தித் தரும் டர்போவின் சுற்று கூடாததால் காற்று போதாமல் கரும்புகை வரும், பிறகு டர்போவின் விசில் ஏறும். பதிவை அந்த மாற்றத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

நீராவிக்கு, 46 கி.மீ. மேட்டுப்பாளையம் – ஊட்டி மலைப்பாதையில் குன்னூர் வரையிலான பகுதி. கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. ஏறும்போது என்ஜின் பின்னாலிருந்து தள்ளும். இதை மறந்து வண்டியின் முன்னால் கேமராவோடு நின்றால் பெட்டியின் முகம்தான் கிடைக்கும், என்ஜின் கடைசியில் வரும். இறங்கும்போது என்ஜின் முன்னால் வரும், ஆனால் இழுக்கும் வேலை இல்லாததால் புகையும் சத்தமும் குறைவு. புகை வேண்டுமென்றால் காலையில் ஏறும் வண்டியைப் பின்பக்கத்திலிருந்து எடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து இந்தச் சேவை ரத்தாவது வழக்கம், ஆகவே அந்த மாதங்களில் கிளம்புமுன் வண்டி ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.