புயலுக்குத் தேதி உண்டு, பல்வலிக்குக் கிடையாது

முதல் நாவலுக்கு 40 அத்தியாயமும் திட்டம் போட்டேன், சார்ட் பேப்பரில், மூன்று நிறப் பேனாவால். ஒன்பதாவது அத்தியாயத்தில் கதை செத்துப்போனது. யார் என்ன செய்வார்கள் என்று முன்பே தெரிந்துவிட்டதால் எனக்கே எழுத அலுத்துவிட்டது. இரண்டாவதை, வருவது வரட்டும் என்று எழுதினேன். 200 பக்கம் வந்தது. அதில் ஒருத்தி 14 மாதம் கர்ப்பமாக இருந்தாள்.

இப்போது எழுதுவது தனுஷ்கோடி நாவல். எவ்வளவு திட்டம் போடுவது, எவ்வளவு கதையின் போக்கில் விடுவது என்பதற்கு ஒரு வழி பிடிபட்டது இதில்தான்.

முதலில், கதையில் அசைக்க முடியாதவற்றைத் தனியாக எழுதிவிடுங்கள். எனக்கு அது 1964 டிசம்பர் 22 இரவு. புயல் அன்றுதான். பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனதும் அன்றுதான். இலங்கையின் தலைமன்னாருக்குப் போகும் கப்பல், ரயில் நிலையம், தபாலாபீஸ் என்று அதுவரை ஓர் ஊர் இருந்தது. இதில் என் இஷ்டத்துக்கு இடமில்லை. உங்களுடையது சாதாரணக் குடும்பக் கதை என்றாலும் இப்படி நாலைந்து தேறும்: பரீட்சைத் தேதி, பிரசவக் கணக்கு, ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பது.

அப்புறம் காட்சிகள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் இதற்குப் போதும். ஒரு தாளுக்கு ஒரு காட்சி. யார், எங்கே, காட்சி முடியும்போது எது மாறியிருக்கும், அவ்வளவுதான். வசனம் எழுதவே கூடாது. நல்ல வசனம் ஒன்று கையில் இருந்தால், அதைச் சொல்லவைப்பதற்காகவே பாத்திரத்தை இழுத்துக்கொண்டு போவோம். ஐந்து தாளுக்கு மேல் ஆணியில் குத்தாதீர்கள். கடைசிக் காட்சிக்கு மட்டும் தனியாக ஒன்று இருக்கட்டும்.

இனி எழுதும்போது நடப்பது. என் கதையில் ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் (ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுபவர்) ஒருவர், அவர் மனைவி செல்லம்மா. தாளில் எழுதியிருந்தது: புயலில் செல்லம்மா சாகிறாள், அவர் பிழைக்கிறார். 20ஆம் தேதிக் காட்சியை எழுதுகிறேன். அவள் கருவாடு வறுத்துக்கொண்டே கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறாள். பல்வலி. நான் யோசித்து வைத்ததல்ல, கை எழுதிவிட்டது. கிராம்பு வைத்துப் பார்க்கிறாள், அடங்கவில்லை. 22ஆம் தேதி காலை ரயிலில், ராமநாதபுரத்தில் சித்தி வீட்டுக்குப் பல் பிடுங்கப் போய்விட்டாள். திட்டப்படி அன்றிரவு சாகவேண்டியவள், வீங்கிய கன்னத்தோடு சித்தி வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறாள்!

இந்த மாதிரி இடத்தில் உடனே இழுத்துப் பிடிக்காதீர்கள். 15 பக்கம் விட்டுப் பாருங்கள். பிறகு ஒரே கேள்வி: அசைக்க முடியாதது எதுவும் அசைந்ததா? தேதி அப்படியே இருக்கிறது, புயல் அப்படியே இருக்கிறது, ஆள்தான் மாறியிருக்கிறாள். சரி, போகட்டும். பல்வலியால் தப்பியவள் அந்தப் பல்லை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வாள் என்பது பழைய தாளைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது. பழைய தாள்கள் மூன்றைக் கிழித்தேன். அதுவே அவள் புயலை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்லியிருந்தால் அவளைத்தான் வெட்டியிருப்பேன்.

தொடர்கதைக்காரர்கள் திட்டமா போட்டார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் போன வார அத்தியாயம் அச்சாகிவிட்டது, திருத்த வழியில்லை. நமக்கு இருக்கிறதே.

ஆகவே உண்மையான திட்டத்தை எழுதி முடித்த பகுதிக்குப் போடுங்கள். ஒரு கணக்கு நோட்டில் நான்கு பத்தி: தேதி, கிழமை, ஆளின் வயது, நிலவு. அலுப்பான வேலைதான், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிடுங்கள். புயல் இரவுக்கு 'அமாவாசை இருட்டு' என்று ஆசையாக எழுதியிருந்தேன். நோட்டில் நிலவுப் பத்தியை நிரப்பும்போது பார்த்தால் 19ஆம் தேதிதான் பௌர்ணமி. மூன்றே நாளில் அமாவாசை எங்கிருந்து வரும்? மேகம் மூடிய இருட்டு என்று மாற்றினேன்.

கடைசிக் காட்சித் தாளில் இன்னும் பாயிண்ட்ஸ்மேன் பெயர்தான் இருக்கிறது. அதைப் பென்சிலில் எழுதியது நல்லதாகப் போயிற்று.