கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்: அச்சு ஓவியம் வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

புதுச்சேரியில் பழைய பொருள் விற்கும் கடைகளிலும், ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி சாலையில் கூடும் சந்தையிலும் சட்டம் போட்ட அச்சு ஓவியங்கள் கண்ணில் படும். கீழ் ஓரத்தில் பென்சிலில் ஒரு கையெழுத்து, பக்கத்தில் 23/100 என்று ஓர் எண். "ஒரிஜினல் சார், பிரெஞ்சுக்காரங்க வீட்டுல இருந்து வந்தது" என்பார் கடைக்காரர். அசல் அச்சு ஓவியம் என்றால் கலைஞர் கல்லிலோ தகட்டிலோ திரையிலோ உருவாக்கி, அதிலிருந்து அச்சிட்டு எடுத்த படம். அது உண்மையாகவும் இருக்கலாம், இது அப்படிப்பட்ட ஊர்தான். ஆனால் பணத்தை எடுக்குமுன் நீங்களே ஓரளவு சோதித்துப் பார்த்துவிட முடியும். அதற்குக் கலைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் நேராகக் கையெழுத்தைத்தான் பார்க்கிறார்கள். போலி செய்ய மிக எளிதானதும் அதுதான். ஒரு பென்சிலும் கொஞ்சம் பயிற்சியும் போதும். அதைவிட மோசமான நிலையும் உண்டு: கையெழுத்து அசலாக இருந்தும் அச்சுக்கு மதிப்பில்லாமல் போவது. ஸ்பானிய ஓவியர் சால்வடோர் டாலி வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். 1974இல் பிரான்சை ஒட்டிய சின்ன நாடான அன்டோராவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வண்டியைப் பிரெஞ்சு அதிகாரிகள் நிறுத்தியபோது, அவர் கையெழுத்திட்ட 40,000 வெற்றுத் தாள்கள் அதில் இருந்தன. அந்தத் தாள்களில் யார் எதை அச்சிட்டு விற்றாலும் கையெழுத்து டாலியுடையதுதானே! அதனால்தான் அச்சு, காகிதம், எண், ஆண்டு எல்லாம் முதலில், கையெழுத்து கடைசியில் என்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை

நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, 10 மடங்கு பெரிதாக்கும் லூப், அது ஒன்று. ரூபாய் நோட்டு சோதிக்கும் யூவி டார்ச் ஒன்று. ஒரு ஸ்கேல். போனில் இருக்கும் டார்ச். அவ்வளவுதான்.

வீட்டிலேயே ஒரு பயிற்சி

கடைக்குப் போகுமுன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். வீட்டில் மாட்டியிருக்கும் சிவகாசி காலண்டரில் சாமியின் முகத்தை லூப்பில் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒரே ஒழுங்கில், சின்னச் சின்னப் பூப்போல வட்டம் கட்டி நிற்கும். இது ஆஃப்செட் அச்சின் அடையாளம். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

அடுத்து ஒரு 500 ரூபாய் நோட்டை எடுத்துக் காந்தி படத்தின்மேல் விரலை ஓட்டுங்கள். மை கொஞ்சம் மேடாகத் தட்டுப்படும். உலோகத் தகட்டில் பள்ளம் வெட்டி, அதில் மை நிரப்பி, அழுத்தி எடுக்கும் முறை அது. எட்சிங் என்று விற்கப்படும் ஓவியங்களும் இதே குடும்பம்தான்.

முதல் படி: சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள்

"அண்ணே, ஃப்ரேமைக் கழட்டிக் காட்டுவீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அச்சைச் சோதிக்கவே முடியாது. பெரிய தொகை கேட்டுவிட்டுக் கழற்ற மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: புள்ளியைப் பாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. இங்கே நேரம் செலவழியுங்கள். கையெழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, நிறம் மங்கலாக இருக்கும் ஓர் இடத்தில் லூப்பை வையுங்கள்.

காலண்டரில் பார்த்த அதே பூ வட்டம் தெரிந்தால் அது ஒரு ஓவியத்தைப் படமெடுத்து ஆஃப்செட்டில் அடித்த நகல். கீழே யார் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது சுவரொட்டிதான். ஒழுங்கே இல்லாமல் தூவியதுபோல மிக நுண்ணிய புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் இங்க்ஜெட் அச்சு. அழகாக ஜிக்லே என்று பெயர் வைத்து விற்பார்கள். ஜிக்லே என்று சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றால் அதில் தவறே இல்லை. லித்தோகிராஃப், அதாவது கல்லில் வரைந்து எடுத்த அச்சு, என்று சொல்லி ஜிக்லேயைக் கொடுப்பதுதான் ஏமாற்று.

அசல் லித்தோகிராஃபில் கிரேயான் கொண்டு சொரசொரப்பான கல்லில் வரைந்த மணல்தன்மை தெரியும். செரிகிராஃபில், அதாவது சில்க் ஸ்கிரீனில், ஒவ்வொரு நிறமும் கெட்டியாக, தட்டையாக, ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். சாய்த்துப் பிடித்தால் அந்த அடுக்கே தெரியும். எட்சிங்கில் கோடு மேடாக இருக்கும், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு காகிதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். அந்தப் பள்ளத்தையும் போலியாக அழுத்திவிடுகிறார்கள். ஆகவே பள்ளம் இருந்து கோட்டில் மேடே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வேண்டுமென்றே புள்ளிகளைப் பயன்படுத்திய செரிகிராஃப் கலைஞர்களும் உண்டு. அங்கே புள்ளி இருந்தாலும் மை கெட்டியாகவே உட்கார்ந்திருக்கும்.

நம் பக்கத்தில் அதிகம் வருவது ரவி வர்மா படங்கள். அவருடைய அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோனாவாலா பக்கம் போனது. நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்களில் அச்சிட்டு வார்னிஷ் பூசிய படங்கள் அவை. லூப்பில் பார்த்தால் புள்ளிகள் இருக்கும், ஆனால் கையால் வைத்தவை. பெரிதும் சிறிதுமாக, வரிசை இல்லாமல் கிடக்கும். பூ வட்டம் தெரிந்தால் பிற்கால நகல். படத்துக்குள் இருக்கும் ரவி வர்மா கையெழுத்து கல்லிலேயே இருந்து அச்சானது, அவர் ஒவ்வொரு பிரதியிலும் போட்டதல்ல. "அவரே சைன் பண்ணினது" என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள். ஆனால் சமிக்கியும் சரிகையும் ஒட்டி அலங்கரித்த பழைய படம் கிடைத்தால் அதை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து வீடுகளில் அப்படி ஒட்டும் வழக்கம் இருந்தது. எனக்கு அவை மிகவும் பிடிக்கும்.

மூன்றாம் படி: காகிதம்

தொட்டுப் பழக நம் ஊரிலேயே வசதி இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலைக்குப் போய்ப் பருத்திக் காகிதத்தையும் அதன் பிசிறான ஓரத்தையும் தொட்டுப் பாருங்கள். நல்ல அச்சு ஓவியங்கள் பெரும்பாலும் பருத்திக் காகிதத்தில்தான் வரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆர்ஷ், ரீவ் போன்ற பிரெஞ்சு ஆலைகளின் நீரெழுத்து (வாட்டர்மார்க்) தெரியக்கூடும்.

அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு யூவி டார்ச்சை அடியுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர் ரசாயனம் ஏறக்குறைய 1950க்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து போனது 1954இல். "தாத்தா காலத்துல, 1930ல பாரிஸ்ல இருந்து கொண்டுவந்தது" என்று கதை சொல்லும் அச்சு நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால், கதையும் காகிதமும் ஒத்துப்போகவில்லை. ஒளிராவிட்டால் பழையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த ரசாயனம் சேராத காகிதம் இன்றும் கிடைக்கிறது.

கடற்காற்றில் வருடக்கணக்காகத் தொங்கிய காகிதத்தில் பழுப்புப் புள்ளிகள், மவுண்ட் அட்டை தொட்ட இடத்தில் பழுப்புக் கோடு, இராமபாணப் பூச்சி அரித்த தடம் என்று ஏதாவது இருக்கும். முன்னும் பின்னும் ஒரே சீராகத் தேநீர் நிறத்தில் இருந்தால் அது வேண்டுமென்றே ஏற்றிய சாயமாக இருக்கலாம்.

நான்காம் படி: அளவு, எண், ஆண்டு

பெயர்பெற்ற கலைஞர்கள் பலருடைய அச்சுகள் அளவு, காகிதம், பிரதி எண்ணிக்கையுடன் நூல்களில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. ஓவியர் பிகாசோ வொல்லார் என்ற பதிப்பாளருக்காகச் செய்த வொல்லார் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்: 1930க்கும் 1937க்கும் இடையில் செய்த 100 தகடுகள், பெரும்பாலான பிரதிகளின் காகிதத்தில் வொல்லார் அல்லது பிகாசோ என்று நீரெழுத்து இருக்கும். படத்தின் அளவை மில்லிமீட்டரில் எடுத்துப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். படமெடுத்து அடித்த நகலில் அளவு பெரும்பாலும் கொஞ்சம் மாறிவிடும்.

23/100 என்றால் நூறு பிரதிகளில் 23ஆவது. சின்ன எண் என்பதால் தரம் கூடிவிடாது. ஏ.பி. அல்லது பிரெஞ்சில் ஈ.ஏ. என்றிருந்தால் கலைஞர் தனக்கென்று எடுத்துவைத்த பிரதி. எச்.சி. என்றால் விற்பனைக்கு அல்லாதது. ஆண்டையும் பாருங்கள்: நம் ஓவியர்களில் ஆதிமூலம் 2008இலும் ஹுசைன் 2011இலும் ரசா 2016இலும் மறைந்தார்கள். 2013 என்று தேதியிட்ட ஹுசைன் கையெழுத்தைப் பற்றி மேலே பேசவே வேண்டாம்.

ஐந்தாம் படி: இப்போது கையெழுத்து

லூப்பில் கையெழுத்தே புள்ளிகளாக உடைந்தால் அது அச்சில் வந்தது. உண்மையான பென்சில் என்றால் தாளைச் சாய்க்கும்போது கிராஃபைட் மினுங்கும், காகித இழைகளின் மேடுகளில் மட்டும் ஒட்டியிருக்கும், லேசான அழுத்தமும் தெரியும். பிறகு அதே கலைஞர் அதே காலத்தில் போட்ட கையெழுத்துகளை ஏல நிறுவனங்களின் தளங்களில் தேடி ஒப்பிடுங்கள். வடிவத்தைவிட வேகத்தைக் கவனியுங்கள். பார்த்து எழுதுகிறவர் கை நடுவில் தயங்கி நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்து, தொகையும் பெரிதாக இருந்தால், அச்சுக்கலை செய்யும் ஓவியர் ஒருவரிடம் காட்டுங்கள். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் அச்சுக்கலைக் கூடமே இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு லூப் இல்லாமலே பாதி தெரிந்துவிடும்.

ஆறாம் படி: பில்

விற்பவரே அடித்துத் தரும் சர்டிஃபிகேட்டை நம்பி வாங்காதீர்கள். கலைஞர் பெயர், தலைப்பு, அச்சு முறை, ஆண்டு, பிரதி எண் ஐந்தையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அசல் இல்லை என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தருவார் என்பதும் அதிலேயே வரட்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால் கையில் காட்ட அந்தத் தாள் வேண்டும். "பழைய படம் - 1" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், பழைய படம் ஒன்றுக்கு என்ன விலையோ அதை மட்டும் கொடுங்கள்.