நீலகிரித் தைல மரத்தை இனங்காண்பது எப்படி?

தைல மரம் என்று நாம் பொதுவாகச் சொல்பவற்றில் பல இனங்கள் உண்டு; ஊட்டித் தைலத்துக்குரியது யூகலிப்டஸ் குளோபுலஸ் என்ற இனமே. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவைத் தாயகமாகக் கொண்ட இது, 1843-இல் நீலகிரியில் நடப்பட்டது; 50 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. சமவெளியில் காகிதக் கூழுக்காக வளர்க்கப்படுபவை வேறு.

அண்ணாந்து பார்க்கும் முன் அடிமரத்தைப் பாருங்கள். பட்டை நீள நீளமான நாராக உரிந்து தொங்கும். உள்ளே வழவழப்பான சாம்பல் நிறம் தெரியும். வெட்டிய அடிக்கட்டையில் துளிர்த்திருந்தால் இன்னும் எளிது: சதுரத் தண்டில் காம்பில்லாத இலைகள் எதிரெதிராக இருக்கும், விரலால் தேய்த்தால் வெண்ணீல மெழுகுப் பூச்சு ஒட்டிக்கொள்ளும். முதிர்ந்த இலையோ அரிவாள் போல் வளைந்து, காம்புடன் தொங்கும். உதிர்ந்து கிடக்கும் காயையும் எடுத்துப் பாருங்கள்; நான்கு விளிம்புகளுடன் பம்பரம் போன்றிருந்தால் ஐயமே வேண்டாம்.

இலைகளைக் கொப்பரையில் அடைத்து நீராவி செலுத்தி, அந்த ஆவியைக் குழாய் வழியே குளிர்வித்தால் தைலம் நீரின் மேல் மிதக்கும், அதை வடித்தெடுப்பார்கள். சளிக்கு ஆவி பிடிக்க ஓரிரு சொட்டே போதும். தைலத்தை விழுங்கக்கூடாது, குழந்தைகளின் மூக்கருகே தடவுவதும் ஆபத்தானது.