அரசு அதிகாரி சொல்லி வக்கீல் வைத்தால் ஃபீஸ் யார் தருவது? டெல்லியில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

"சார், நாளைக்கு நம்ம கேஸ் லிஸ்ட்ல வந்திருக்கு. நல்ல சீனியராப் பார்த்துப் போடுங்க, ஃபீஸைப் பத்திக் கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கிறேன்." சென்னையிலிருந்து ஒரு துறை அதிகாரி ராத்திரி ஒன்பது மணிக்கு டெல்லியில் இருக்கும் தமிழ் வக்கீலுக்குப் போன் போட்டு இப்படிச் சொல்வது ரொம்ப சகஜம். மறுநாள் சீனியர் (மூத்த வழக்கறிஞர்) வந்து வாதாடுவார், தடை உத்தரவும் கிடைத்துவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் பில் போகும். ஆறு மாதம் பதில் இருக்காது. அதற்குள் அதிகாரிக்கு மாற்றல் வந்துவிடும். புதிதாக வந்தவர் "இவரை வைத்தது யார், ஒப்புதல் எங்கே?" என்று கோப்பில் ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரிக்குப் பதில் கிடைக்காமல் பில் மேசை மேசையாக அலையும்.

வக்கீல்களும் சரி, வழக்குக்காக டெல்லி வந்து தமிழ்நாடு இல்லத்தில் தங்கி, கட்டுக் காகிதத்தோடு சீனியர் வீட்டு வாசலில் காத்திருக்கும் அதிகாரிகளும் சரி, இதில் மாட்டிக்கொண்டு கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தொகை அதிகம் என்று சண்டை வருவதைவிட, யார் எந்த அதிகாரத்தில் எந்தத் தேதியில் வைத்தார்கள் என்பதில்தான் பெரும்பாலான பில்கள் நிற்கின்றன.

அதனால் முதல் தவறு, அதிகாரியின் வாய்வார்த்தையை அரசின் வார்த்தையாக எடுத்துக்கொள்வது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அரசு வேறு, அவர் வேறு. அரசு செய்யும் ஒப்பந்தம் ஆளுநர் அல்லது குடியரசுத் தலைவர் பெயரில், அதற்கு அதிகாரம் கொடுக்கப்பட்டவர் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 299வது பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே சம்பளமோ ஃபீஸோ கொடுத்து வைத்திருக்கும் அரசு வக்கீல்கள் இருக்கும்போது வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவர வேண்டுமானால் காரணம் எழுதி, சட்டத்துறையைக் கேட்டு, நிதித்துறை சம்மதித்து, உத்தரவு வர வேண்டும். இவ்வளவும் ஒரே ராத்திரியில் நடக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு மெயில் நடக்கும். வழக்கு எண், சீனியரின் பெயர், ஒரு நாள் ஆஜராக எவ்வளவு, கான்ஃபரன்ஸுக்கு (சீனியரோடு உட்கார்ந்து வழக்கைப் பேசுவதற்கு) எவ்வளவு, எந்தத் துறை தரும், துறைச் செயலாளர் வாய்மொழியாக அனுமதித்த நேரம் என்ன, இந்த ஆறையும் அதிகாரியின் அலுவலக முகவரியிலிருந்து வாங்கிவிட்டுத்தான் சீனியரின் குமாஸ்தாவுக்குப் போன் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் "ஓகே சார்" போதாது. வாரியம், மாநகராட்சி என்றால் அதன் தீர்மானமோ ஆணையரின் உத்தரவோ எது தேவை என்று கேட்டு அதன் நகலை வாங்குங்கள்.

ஒப்புதலே இல்லாமல் வேலை முடிந்துவிட்டால் ஒரேயடியாகப் போச்சு என்று கைகழுவவும் வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 70வது பிரிவு இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால் அதற்கு ஈடு தர வேண்டும். 299 சொல்கிறபடி ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அரசுக்கு இது பொருந்தும் என்று 1961 டிசம்பரில் மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த வழியில் போனால் நியாயமான தொகை என்று நீதிமன்றம் நினைப்பதுதான் கிடைக்கும், சீனியர் வழக்கமாக வாங்கும் ரேட் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது: சொந்த வழக்கையும் அலுவலக வழக்கையும் குழப்பிக்கொள்வது. இதற்கு டெல்லியிலேயே நாடு முழுக்கப் பேசப்பட்ட உதாரணம் உண்டு. 2015 டிசம்பரில், டெல்லி கிரிக்கெட் சங்க விவகாரத்தில் பேசியதற்காக அருண் ஜேட்லி 10 கோடி ரூபாய் கேட்டு அப்போதைய டெல்லி முதலமைச்சர் அரவிந்த் கேஜ்ரிவால் மீதும் ஆம் ஆத்மியின் இன்னும் ஐந்து பேர் மீதும் அவதூறு வழக்குப் போட்டார். கேஜ்ரிவாலுக்காக ராம் ஜெத்மலானி ஆஜரானார். ஆரம்பக் கட்டணம் 1 கோடி, ஒவ்வொரு தடவை ஆஜராக 22 லட்சம் என்று மொத்தம் 3.4 கோடிக்கு மேல் பில். அதை டெல்லி அரசே கொடுக்க வேண்டும் என்று கோப்பு துணைநிலை ஆளுநருக்குப் போக, அவர் சட்டக் கருத்து கேட்க, 2017 ஏப்ரலில் விஷயம் வெளியே வந்தது. முதலமைச்சராகச் செய்த வேலையால் வந்த வழக்கு என்றது ஒரு பக்கம். தனி மனிதராகப் பேசியதற்கு மக்கள் வரிப்பணமா என்றது இன்னொரு பக்கம். பணம் வராவிட்டால் ஏழைக் கட்சிக்காரர் (வக்கீலை வைத்தவர்) என்று நினைத்து இலவசமாக வாதாடுகிறேன் என்றார் ஜெத்மலானி. சில மாதங்களில் அவரே விலகி, 2 கோடிக்கு மேல் பாக்கி என்று கேட்டார். காரணம், குறுக்கு விசாரணையில் ஜேட்லியைப் பற்றி அவர் சொன்ன ஒரு வார்த்தை. அதற்காக ஜேட்லி இன்னொரு 10 கோடி வழக்குப் போட, அப்படிப் பேசும்படி நான் சொல்லவில்லை என்று கேஜ்ரிவால் மறுத்தார். கடைசியில் 2018 ஏப்ரலில் மன்னிப்புக் கடிதத்தோடு ஜேட்லியின் வழக்கு முடிந்தது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். யார் பணம் தருவார்கள் என்ற கேள்வி வழக்கு ஓடி பில் ஏறிய பிறகுதான் எழுந்தது. அதோடு, கட்சிக்காரர் என்ன சொன்னார் என்பது எழுத்தில் இல்லாததால் ஃபீஸ் சண்டையோடு இன்னொரு சண்டையும் சேர்ந்துகொண்டது. அதிகாரியின் பெயரைப் போட்டு ஒரு வழக்கோ புகாரோ வந்தால் முதலில் கேட்க வேண்டியது, இது பதவியில் செய்த காரியத்துக்கா, இல்லையா என்பதைத்தான். மத்திய அரசு ஊழியர்கள் விஷயத்தில் 1959 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவு இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. அரசே ஊழியர்மேல் வழக்குப் போட்டால் உதவி இல்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாத வழக்கு என்றாலும் இல்லை. வேலை சம்பந்தப்பட்டதாக இருந்தால் அரசு நடத்தலாம், ஊழியரே நடத்தி அவர் பக்கம் நியாயம் என்று முடிந்தால் நியாயமான செலவைத் திருப்பித் தரலாம். இந்தக் கடைசி வகையில் அதிகாரி முதலில் தன் கைக்காசைப் போட வேண்டியிருக்கும், வழக்குத் தோற்றால் அது திரும்பாமலும் போகலாம் என்பதை வக்கீல் முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். கூச்சப்பட்டால் பிறகு உறவே கெடும்.

ஆட்சி மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சாப். ரோபர் சிறையில் இருந்த உத்தரப் பிரதேச தாதா அரசியல்வாதி முக்தார் அன்சாரியைத் தங்களிடம் அனுப்பச் சொல்லி உத்தரப் பிரதேச அரசு உச்ச நீதிமன்றம் வந்தபோது, அதை எதிர்த்து வாதாட அப்போதைய காங்கிரஸ் அரசு சீனியர் ஒருவரை வைத்தது. பில் 55 லட்சம். 2023ல் முதலமைச்சர் பகவந்த் மான் அதைத் தர மறுத்து, முன்னாள் முதலமைச்சர் அமரீந்தர் சிங்கிடமும் அப்போதைய சிறை அமைச்சர் ரந்தாவாவிடமும் வசூலிப்பேன் என்றார். அந்த முடிவு சரியா தவறா என்பது அவர்களுக்குள் இருக்கட்டும். முறையான உத்தரவோடு வந்து வாதாடிய வக்கீலுக்குப் பணம் தராமல் இருக்க ஆட்சி மாற்றம் ஒரு காரணமே ஆகக்கூடாது என்பதுதான் என் கருத்து. முன்னவர்மேல் கோபமிருந்தால் முன்னவரிடம் கேட்கட்டும்.

இப்போது ஏஓஆர் (அட்வகேட் ஆன் ரெக்கார்டு, அதாவது உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யும் உரிமை பெற்ற வக்கீல்) தம்பி தங்கைகளுக்கு. உச்ச நீதிமன்றத்தில் வக்காலத்து உங்கள் பெயரில்தான் இருக்கும். சீனியர் நேரடியாகக் கட்சிக்காரரிடமிருந்து வழக்கு வாங்க முடியாது என்பதால் அவருடைய அலுவலகத்துக்குத் தெரிந்த முகம் நீங்கள்தான். துறையிலிருந்து பணம் வராவிட்டால் குமாஸ்தா உங்களைத்தான் கூப்பிடுவார், நீங்களும் அடுத்த வழக்குக்கு அவர் வேண்டுமே என்று கைக்காசைக் கொடுப்பீர்கள். சீனியரை அழைக்கும்போதே, ஃபீஸ் இந்தத் துறையிலிருந்துதான் வரும், தாமதமாகலாம், நான் பொறுப்பல்ல என்று எழுதி அனுப்பிவிடுங்கள். மறுப்பவர்கள் அப்போதே மறுக்கட்டும், வேறு ஆளைப் பார்க்க நேரமாவது இருக்கும்.

ஆதாரத்தை அலட்சியம் செய்வது அடுத்தது. மதுரை மாநகராட்சிக்கு 1992 முதல் 2006 வரை வாதாடிய ஒரு வக்கீல், 800க்கும் மேற்பட்ட வழக்குகளுக்காக 13 லட்சத்துக்கு மேல் பாக்கி என்று இத்தனை வருடம் கழித்தும் உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. அந்த வழக்குகளின் தீர்ப்பு நகல்களை எடுக்கக்கூட அவருக்கு வசதியில்லை. ஒரு மனிதரின் பதினான்கு வருட உழைப்பு நகல் இல்லாமல் நிற்பதைப் படித்தபோது மனசு ஆறவில்லை. 2025 டிசம்பரில் நீதிபதி, நகல்களை எடுக்கச் சட்டப் பணிகள் ஆணையம் மூலமாக ஏற்பாடு செய்து கணக்கை முடிக்கச் சொன்னார். ஒவ்வொரு உத்தரவு வந்ததும் அந்த வாரமே நகல் வாங்கி வையுங்கள். ஜூனியர்கள் இன்னும் ஜாக்கிரதை: உடன் நின்றவர்கள் எல்லோருடைய பெயரையும் உத்தரவில் போடும் பழைய வழக்கத்தை உச்ச நீதிமன்றம் இறுக்கிவிட்டது, அதனால் உங்கள் பெயர் அதில் இல்லாமல் போகலாம். கான்ஃபரன்ஸ் நடந்த தேதி, நீங்கள் எழுதிய வரைவு, அதிகாரிக்கு அனுப்பிய மெயில் எல்லாம் தனி ஃபைலில் இருக்கட்டும்.

பில்லிலும் கவனம் வேண்டும். ஒரே பிரச்சினையில் முப்பது வழக்குகள் ஒன்றாக வந்தால் முப்பதுக்கும் முழு ஃபீஸ் போட்டால் தணிக்கையில் கட்டாயம் அடிபடும், பொதுவாக முதல் வழக்குக்கு முழுசும் மற்றவைக்குச் சின்னத் தொகையும்தான் கிடைக்கும். வாய்தா வாங்கிய நாளுக்கும் வாதாடிய நாளுக்கும் ஒரே தொகை எழுதாதீர்கள். பத்து சதவீதம் டிடிஎஸ் (முன்னதாகவே பிடிக்கும் வருமான வரி) போய்த்தான் கைக்கு வரும். மார்ச் கடைசி வாரத்தில் பில் கொடுத்தால் அந்த வருட நிதி காலாவதியாகி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும்.

கோபத்தில் வழக்குக் கோப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம். மத்தியப் பிரதேச கூட்டுறவு வங்கி ஒன்றின் சட்ட ஆலோசகர், பாக்கி வராமல் கோப்புகளைத் தரமாட்டேன் என்றார். வழக்கு 2000ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது, ஃபீஸுக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, அது தொழில் ஒழுங்கீனம் என்று தீர்ப்பானது. கேட்க வேண்டிய பாக்கி இருந்தும் கண்டனம் வாங்கியவர் வக்கீல்தான். ரசீது வாங்கிக்கொண்டு கோப்பைக் கொடுத்துவிடுங்கள், பணத்துக்கு வழக்கு தனி.

அந்த வழக்குக்குக் கெடு மூன்று வருடம். கோப்பு நகர்கிறது, அடுத்த மாதம் வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருடம் ஓடிவிடும். கெடு முடிவதற்குள், இவ்வளவு பாக்கி இருப்பது உண்மை என்று அதிகாரம் உள்ள அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அன்றிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆகவே தெரிந்த அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வந்தது என்று கேள்விப்பட்டால் அவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் அந்தக் கடிதத்தை வாங்குங்கள். அரசுமேல் வழக்குப் போட இரண்டு மாத நோட்டீஸும் தேவை. அதை உங்களைக் கூப்பிட்ட அதிகாரியின் பெயருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். மாநில அரசு என்றால் அரசுச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ போய்ச் சேர்ந்தால்தான் அது நோட்டீஸ்.