தம்பியை மைதானத்துக்குக் கூட்டிப்போகும் முன் எங்களுக்குத் தெரியாமல்போனவை

அறிவுசார் குறைபாடு உள்ள என் தம்பியை முதன்முதலில் மைதானத்துக்குக் கூட்டிப்போனபோது அவனுக்கு 26 வயது. "இனிமேல் எதுக்கு?" என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், நானும்தான். எங்கள் முதல் தவறு அதுதான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் போட்டியிட 8 வயது நிரம்பியிருந்தால் போதும். மேல் வயது வரம்பே கிடையாது.

அடுத்தது, விளையாட்டை நாமே தேர்ந்தெடுப்பது. எல்லோரும் ஓடுகிறார்கள் என்று அவனையும் ஓட்டத்தில் சேர்த்தோம். மூன்று வாரம் ஓடினான். நான்காவது வாரம் ஷூவைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டான். சோம்பேறித்தனம் என்று அப்பா திட்டினார். பயிற்சியாளர் திட்டவில்லை, பக்கத்தில் நடந்த போச்சே ஆட்டத்தைக் காட்டினார். பந்தை உருட்டி, சின்னப் பந்துக்குப் பக்கத்தில் போய் நிற்க வைக்கும் ஆட்டம். அன்று மாலை தம்பி வீட்டுக்கு வரவே மறுத்தான். அவனுக்கு அவ்வளவாகப் பேச்சு வராது. ஆனாலும் ஷூவை ஒளித்து எங்களுக்குப் பதில் சொல்லியிருந்தான், நாங்கள்தான் கேட்கவில்லை.

உடல்நிலை விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், டைவிங், உயரம் தாண்டுதல் போன்றவற்றில் கழுத்து பலமாக வளைந்தால் தண்டுவடம் நசுங்கும் ஆபத்து உண்டு. சேர்க்கும் முன்பே மருத்துவரிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள். நடை திடீரென்று தள்ளாடினாலோ, கழுத்து வலித்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வலிப்பு வருகிறவர் என்றால் அதைப் பயிற்சியாளரிடம் மறைக்கவே கூடாது, நீச்சல் என்றால் இன்னும் முக்கியம். "சொன்னால் சேர்க்கமாட்டார்கள்" என்ற பயம் புரிகிறது. ஆனால் குளத்தில் வலிப்பு வந்தால் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும்.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸும் பாராலிம்பிக்ஸும் ஒன்று என்றும் பலர் நினைக்கிறார்கள். முதலாவதில் வயது, பாலினம், திறமை மூன்றையும் பார்த்து, கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருப்பவர்களை 3 முதல் 8 பேர் கொண்ட பிரிவாகப் பிரிப்பார்கள். பாராலிம்பிக்ஸ் பலவகைக் குறைபாடுகள் உள்ள உச்சநிலை வீரர்களுக்கானது. 2000 சிட்னியில் ஸ்பெயின் கூடைப்பந்து அணியில் குறைபாடே இல்லாதவர்கள் ஆடியது அம்பலமான பிறகு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான போட்டிகளையே எடுத்துவிட்டார்கள். 2012 லண்டனில்தான் தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ் மூன்றிலும் மறுபடி வாய்ப்பு வந்தது. தெலங்கானாவின் தீப்தி ஜீவாஞ்சி 2024 பாரிஸில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றது அப்படித்தான். பாராலிம்பிக்ஸ் பாதையில் சான்றுகளைக் கறாராகப் பார்ப்பார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மட்டும் போதாது. சிறுவயதில் எடுத்த உளவியல் மதிப்பீடு, பள்ளி ரிப்போர்ட் எதையும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் பிரிவு பிரிக்கும் முதல் சுற்றில் "மெதுவா ஓடு, அப்புறம் ஃபைனலில் ஜெயிக்கலாம்" என்று சொல்லிக்கொடுக்கிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டப்பட்டது. முதல் சுற்றைவிட இறுதியில் 15 சதவீதத்துக்கு மேல் வேகம் கூடினால் தகுதிநீக்கம் செய்ய விதியில் இடம் இருக்கிறது. பிள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நன்றாக ஓடியும் பதக்கம் இல்லையே என்று அவன்தான் அழுவான்.

போட்டி நாளின் சத்தத்துக்கு முன்கூட்டியே பழக்காததும் தவறுதான். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்ட பிள்ளைகள் உண்டு. முதலில் கைதட்டல், அப்புறம் விசில், அதற்கப்புறம் பெரிய சத்தம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

களத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள், பயிற்சியில் சொன்ன அதே சின்ன வார்த்தையை மட்டும். தம்பியின் முதல் போட்டியில் அப்பா ஒரு பக்கம் நின்று "வேகமா!" என்று கத்தினார், நான் இன்னொரு பக்கம் "மெதுவா!" என்றேன். அவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தான். பயிற்சியாளர் வந்து எங்கள் இருவரையும் தூரத்து மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, "உருட்டு" என்றார். தம்பி குனிந்து உருட்டினான்.