பார்வையற்ற சிஸ்டம் நிர்வாகிக்கு ஒரு நடைமுறைக் கையேடு

சர்வர் நிர்வாகம் அடிப்படையில் எழுத்தைப் படித்து எழுத்தாலேயே பதில் கொடுக்கும் வேலை. கட்டமைப்புக் கோப்பு, லாக், கட்டளைகளின் வெளியீடு, பிழைச் செய்தி எல்லாமே எழுத்துதான். எழுத்தாக இருக்கும் எதையும் திரைவாசிப்பான் பேச்சாக்கித் தரும். பிரெய்ல் காட்சிக்கருவி விரல் நுனிக்குக் கொண்டுவரும். அந்த எழுத்தை யாரோ படமாக்கிவிட்ட இடங்களில்தான் பார்வையற்ற நிர்வாகிக்குத் தடை எழுகிறது: சர்வரின் பூட் திரை, உலாவிக்குள் ஓடும் தொலைக் கன்சோல், கண்காணிப்பு வரைபடம், பெயரிடப்படாத பொத்தான்கள் நிறைந்த டிக்கெட் மென்பொருள். ஆகவே இந்த வேலையில் சேரும் ஒருவர், தன் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் இயந்திரத்துக்கும் எழுத்து வழி ஒன்று உண்டா என்பதை, எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாளிலேயே பார்த்து வைக்க வேண்டும். அது இல்லாத இடங்களில் எப்படி அமைத்துக்கொள்வது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

உங்கள் சொந்தக் கணினி

பெரும்பாலான அலுவலகங்கள் கையில் கொடுப்பது விண்டோஸ் மடிக்கணினி. அதில் என்விடிஏ திரைவாசிப்பானை நிறுவிக்கொள்ளலாம். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் தொடங்கி, பின்னர் மற்றொரு பார்வையற்ற நிரலாளர் ஜேம்ஸ் டேயும் சேர்ந்து வளர்த்த இது இலவசமானது, மூலநிரலும் திறந்தது. ஆகவே கொள்முதல் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அலுவலகம் ஜாஸ் என்ற கட்டணத் திரைவாசிப்பானை வாங்கித் தந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒன்று வாசிக்கத் திணறும் சாளரத்தை மற்றொன்று வாசித்துவிடுவது உண்டு. பென்டிரைவிலிருந்து ஓடும் என்விடிஏ போதும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். நிர்வாகி அனுமதி கேட்கும் பாதுகாப்புத் திரையையும் உள்நுழைவுத் திரையையும் முறையாக நிறுவப்பட்ட பிரதிதான் வாசிக்கும். இந்த வேலையில் அந்தத் திரை நாள் முழுவதும் வந்துகொண்டே இருக்கும்.

நிறுவியதும் டெர்மினலுக்கு மட்டுமான ஒரு தனி அமைப்புத் தொகுப்பை உருவாக்குங்கள். அதில் நிறுத்தக்குறி வாசிப்பை உச்ச அளவுக்கு உயர்த்துங்கள். மின்னஞ்சலில் ஒவ்வொரு காற்புள்ளியும் காதில் விழுந்தால் அலுப்புதான். ஆனால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரின் கட்டமைப்புக் கோப்பில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் சேவையே எழாது. உள்தள்ளலுக்கே பொருள் உள்ள யாமல் அல்லது பைத்தான் கோப்பைத் திருத்துபவர்கள் வரியின் உள்தள்ளலைச் சுருதியாகக் கேட்கும் வசதியை இயக்கிக்கொள்ள வேண்டும். உள்தள்ளல் மாறும்போது ஒலியின் சுருதியும் மாறுவதால், இரண்டு இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வந்துவிட்டதைப் பேச்சை நிறுத்தாமலேயே உணரலாம்.

இதைவிடவும் எனக்குப் பயன்படும் வசதி ஒன்று உண்டு. எண்தட்டின் 2ஆம் விசையை ஒருமுறை அழுத்தினால் நடப்பு எழுத்தும், இருமுறை அழுத்தினால் அதன் விளக்கமும், மும்முறை அழுத்தினால் அதன் எண் மதிப்பும் கேட்கும். ஆவணத்திலிருந்து நகலெடுத்த கட்டளை காரணமின்றி மறுக்கப்படும்போது, சாதாரண இடைவெளிக்குரிய 32க்குப் பதிலாக 160 என்றோ, நேர் மேற்கோளுக்குரிய 34க்குப் பதிலாக 8220 என்றோ கேட்டால் குற்றவாளி பிடிபட்டது. கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிவதால், இத்தகைய பிழையை நாம் அவர்களைவிட விரைவாகக் கண்டுபிடிக்க முடியும்.

பிரெய்ல் தெரிந்தவர்கள் 40 கட்டக் காட்சிக்கருவி ஒன்றைக் கேட்டு வாங்குவது நல்லது. ஐபி முகவரி, ஹாஷ், சீரியல் எண் போன்றவற்றை விரலால் சரிபார்ப்பதற்கு நிகரான உறுதியைப் பேச்சு தருவதில்லை. இன்னொன்று தமிழ் அலுவலகங்களுக்கே உரியது: பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்த சுற்றறிக்கைகளைத் திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும்படி கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

வெளியீட்டைக் காதுக்கு ஏற்றபடி குறைத்தல்

ஐந்நூறு வரிகளைக் கண் மேய்ந்துவிடும். காது வரிவரியாகத்தான் கேட்கும். ஆகவே தேவையற்றதை மூலத்திலேயே வெட்டிவிட வேண்டும். திரையைத் திரும்பத் திரும்ப வரையும் எச்டாப் போன்ற நிரல்கள் நமக்கு உதவாது. டாப் கட்டளைக்கு ஹைஃபன் பி (-b), ஹைஃபன் என் 1 ஆகிய விருப்பங்களைக் கொடுத்தால் அது ஒரே ஒருமுறை எழுத்தாக அச்சிட்டு முடித்துக்கொள்ளும். அதன் முதல் இருபது வரிகளே பெரும்பாலும் போதும். எல்எஸ்பிஎல்கே கிளைக்கோடுகளோடு காட்டும் வட்டுப் பட்டியலை ஹைஃபன் எல் நேர்ப்பட்டியலாக்கும். ஐபி கட்டளைக்கு ஹைஃபன் பிஆர் கொடுத்தால் ஒவ்வொரு இணைப்பும் ஒற்றை வரியில் வரும். லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல், சேவைகளைக் கையாளும் சிஸ்டம்சிடிஎல் இரண்டையும் பேஜர் (வெளியீட்டைப் பக்கம் பக்கமாக நிறுத்திக் காட்டும் நிரல்) இல்லாமல் இயக்குங்கள். முதலாவதற்கு ஹைஃபன் பி (-p) இஆர்ஆர், ஹைஃபன் பி (-b) என்று கொடுத்தால் (முதல் எழுத்து முன்னுரிமையையும் இரண்டாவது நடப்பு பூட்டையும் குறிப்பவை) இந்தத் தொடக்கத்துக்குப் பின் வந்த பிழைகள் மட்டும் கிடைக்கும். டெபியனில் மென்பொருள் நிறுவும்போது தோன்றும் நீலப் பெட்டிகளுக்குப் பதிலாக, அவற்றைக் காட்டும் டெப்கான்ஃப் நிரலின் முகப்பை ரீட்லைன் என்று மாற்றினால் கேள்விகள் ஒவ்வொன்றாக வரிகளில் வரும்.

பவர்ஷெல்லில் அட்டவணை வடிவம் சாளர அகலத்துக்குப் பொருந்த மதிப்புகளை வெட்டிவிடும், வெட்டியதைக் காது கவனிக்காது. ஃபார்மட்-லிஸ்ட் ஒரு பண்புக்கு ஒரு வரி தருவதால் அதையே வழக்கமாக்குங்கள். விண்டோஸ் சர்வரைத் தொலைமேசையில் திறந்து ஒவ்வொரு சாளரமாகத் தேடுவதைவிட, என்டர்-பிஎஸ்செஷன் வழியாக உங்கள் கணினியின் டெர்மினலிலேயே அதைக் கையாள்வது எல்லா வகையிலும் மேல். வரைகலைச் சாளரம் தவிர்க்க முடியாதபோது என்விடிஏயின் தொலை அணுகல் உதவும், 2025.1 பதிப்பிலிருந்து அது உள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கிறது, ஆயினும் இரு முனைகளிலும் என்விடிஏ ஓட வேண்டும்.

கண்காணிப்பு வரைபடங்களைப் பற்றி ஒரு வரி போதும்: வரைபடத்துக்குப் பின்னால் எண்கள் இருக்கின்றன, புரோமீத்தியஸ் போன்ற கருவிகள் அவற்றை எச்டிடிபி வினவலுக்கு எழுத்தாகவே தரும்.

பூட் ஆகாத சர்வர்

இந்த வேலையைப் பார்வையற்றவரால் செய்ய முடியுமா என்று சந்தேகிப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். இயங்குதளம் எழுவதற்கு முன் வரும் பயாஸ் திரையில் எந்தத் திரைவாசிப்பானும் ஓடாது. தொலைமேலாண்மை அட்டை உலாவியில் காட்டும் மெய்நிகர் கன்சோலும் வெறும் படமே. அதை எழுத்துணரி கொண்டு வாசிக்கலாம் என்றாலும், சுழியத்தையும் ஓ எழுத்தையும் மாற்றிச் சொல்லும் ஒரு கருவியை நம்பி வட்டுப் பிரிவுகளில் கைவைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சரியான வழி சீரியல் கன்சோல், அதாவது திரைக்குப் போகும் எழுத்தைப் படமாக்காமல் சீரியல் போர்ட் வழியாக எழுத்தாகவே அனுப்பும் முறை. சர்வரின் அமைப்பில் கன்சோல் திசைதிருப்பலை இயக்குங்கள். பிறகு லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் முனையமாக சீரியலையும் சேர்த்து, வேகத்தை 115200 என்று கொடுங்கள். கெர்னல் அளவுருக்களில் முதலில் திரையைக் குறிக்கும் டிடிஒய்0, அடுத்ததாகச் சீரியலைக் குறிக்கும் டிடிஒய்எஸ்0 என இரண்டு கன்சோல்களையும் எழுதுங்கள். வரிசை முக்கியம்: கெர்னல் செய்திகள் இரண்டுக்கும் போகும், தொடக்க நிரல்களின் செய்திகளும் அவசரகால ஷெல்லும் கடைசியாக எழுதப்பட்ட கன்சோலுக்கே போகும். சில சர்வர்களில் தொலைமேலாண்மை அட்டையோடு இணைந்திருப்பது டிடிஒய்எஸ்1 என்பதால் இதை முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் முடிந்தால், ஐபிஎம்ஐடூல் கட்டளை கொண்டு, சீரியல் எழுத்தை நெட்வொர்க் வழியாகக் கொண்டுவரும் சீரியல் ஓவர் லேன் அமர்வைத் திறந்து, கிரப் பட்டியலிலிருந்து உள்நுழைவு வரை எல்லாவற்றையும் உங்கள் டெர்மினலில் கேட்கலாம். மெய்நிகர் இயந்திரங்களுக்கு விர்ஷ் கன்சோல் இதே பணியைச் செய்யும்.

கிரப் பட்டியல் எப்போது தோன்றுகிறது என்பதை அறிய அதன் தொடக்க ஒலியை இயக்கலாம். கிரப் இனிட் டியூன் என்ற அமைப்பில் 480 440 1 என்று எழுதினால் பட்டியல் வரும் கணத்தில் ஒரு சிறு விசில் ஒலிக்கும். பெட்டி அருகில் நின்று வேலை செய்யும்போது இது அருமையாக உதவும். ஒலிப்பான் இல்லாத சர்வரில் பயனில்லை. டெபியனின் நிறுவல் பட்டியலும் இப்படித்தான்: பட்டியல் வந்ததும் எஸ் விசையையும் என்டரையும் தட்டினால் நிறுவல் முழுவதும் பேச்சோடு நடக்கும்.

பயாஸ் அமைப்புகளை மாற்றுவது மட்டும் சீரியலிலும் சிரமமாகவே இருக்கிறது. எழுத்துகள் வந்து சேரும். எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்பது நிறத்தால் மட்டுமே குறிக்கப்படும், நிறம் பேச்சில் வராது. இதற்கு ரெட்ஃபிஷ்தான் விடை. டிஎம்டிஎஃப் அமைப்பு 2015இல் வெளியிட்ட இந்தத் தரநிலையின்படி, பயாஸ் பண்புகளை ஜேசன் எழுத்தாகப் பெற்று, மாற்ற வேண்டிய மதிப்பை மட்டும் அனுப்பினால் அடுத்த பூட்டில் அது அமலாகும். டெல் சர்வர்களில் ராக்ஆட்ம் கட்டளையாலும் இதைச் செய்யலாம். புதிய சர்வர் வாங்கும்போது விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே ரெட்ஃபிஷ் ஆதரவையும், சீரியல் ஓவர் லேன் வசதி எந்த உரிமத்தில் அடங்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சர்வர் அறைக்குள்

சர்வர்களை அடுக்கும் ரேக்கைக் கையால் எண்ணலாம். ரேக்கின் உயர அலகான ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர் உயரம். அந்த உயரத்துக்குள் பக்கச்சட்டத்தில் மூன்று துளைகள் இருக்கும். அவற்றின் இடைவெளி சமமானது அல்ல: ஒரு யூவின் மேல்துளைக்கும் அடுத்த யூவின் கீழ்த்துளைக்கும் உள்ள இடைவெளி மற்றவற்றைவிடக் குறுகியது. விரலை ஓட்டினால் அந்த நெருக்கமான இணைதான் இரண்டு யூக்களின் எல்லை என்பது தெளிவாகத் தெரியும். கேபிள்களின் இரு முனைகளிலும் பிரெய்ல் சிட்டை ஒட்டுங்கள். வட்டுகளைப் பொருத்துவதற்கு முன்பே சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைப் பிரெய்லில் அச்சிட்டு வட்டின் கைப்பிடியில் ஒட்டிவிட்டால், பழுதான வட்டைக் கழற்ற எந்த விளக்கு எரிகிறது என்று யாரையும் கேட்க வேண்டாம். ஒரு கேபிள் எந்த ஸ்விட்சின் எந்தப் போர்ட்டுக்குப் போகிறது என்பதை அண்டைக் கருவிகள் தம்மை அறிவிக்கும் எல்எல்டிபி நெறிமுறைக்கான கட்டளை எழுத்தாகவே சொல்லிவிடும்.

அலுவலக மென்பொருள்

உண்மையில் அதிகப் பொழுதைத் தின்பது சர்வர் அல்ல; டிக்கெட், விடுப்பு, பயண அனுமதி, இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு ஆகியவற்றுக்கான மென்பொருள்களே. எண்ணைத் திரையில் காட்டும் டோக்கன் கொடுத்தால் மறுத்து, தொட்டாலே போதுமான பாதுகாப்புச் சாவியைக் கேளுங்கள். எஸ்எஸ்எச்சுக்கும் அதே சாவி பயன்படும். டிக்கெட் மென்பொருளுக்கு நிரல் இடைமுகமோ மின்னஞ்சல் வழியோ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் மாற்றுவழி கிடைத்துவிட்டது என்பதற்காகக் குறையைப் புகாரளிக்காமல் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் அடுத்து வரும் பார்வையற்ற ஊழியருக்கு அந்த மாற்றுவழி தெரிந்திருக்காது.

"பயன்படுத்த முடியவில்லை" என்று எழுதும் புகார் எங்கும் போகாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "டிக்கெட்டைத் திறந்து டேப் விசையை ஆறுமுறை அழுத்தினால் ஒரு கட்டுப்பாட்டை அடைகிறேன். திரைவாசிப்பான் அதைப் 'பொத்தான்' என்று மட்டும் சொல்கிறது. அது டிக்கெட்டை மூடும் பொத்தான் என்று சக ஊழியர் கூறினார். 'டிக்கெட்டை மூடு' என்று கேட்க வேண்டும். இது டபிள்யூசிஏஜி (வலை அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள்) 4.1.2க்கு முரணானது. அந்தப் பொத்தானுக்கு ஏரியா-லேபிள் (திரைவாசிப்பானுக்கான பெயர்) ஒன்று சேர்த்தால் போதும்." கூடவே திரைவாசிப்பான், உலாவி இரண்டின் பதிப்பு எண்களையும் குறிப்பிடுங்கள். விசைப்பலகையால் எட்ட முடியாதது 2.1.1, "சேமிக்கப்பட்டது" போன்ற செய்தி பேச்சில் வராதது 4.1.3. இந்த மூன்று விதிகளே நம் புகார்களில் பெரும்பகுதியைத் தாங்கும்.

கொள்முதலுக்கு முன் பேசுவது இதைவிடப் பலன் தரும். அமெரிக்க அரசுக் கொள்முதலில் அணுகல்தன்மையைக் கட்டாயமாக்கும் 508ஆம் பிரிவு காரணமாகப் பெரிய நிறுவனங்கள் பலவும் விபேட் என்ற படிவத்தில் தம் மென்பொருளின் அணுகல்தன்மையை அறிக்கையாகத் தருகின்றன. "ஆதரிக்கிறது" என்ற சொல்லோடு நின்றுவிடாமல் குறிப்புப் பத்தியைப் படியுங்கள். அது காலியாக இருந்தால், அல்லது எந்தத் திரைவாசிப்பானில் சோதித்தார்கள் என்பது இல்லாவிட்டால், சோதனைப் பிரதி கேட்டு நீங்களே பாருங்கள்.

இந்தியாவில் பணிபுரிவோருக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. அதன் 21ஆம் பிரிவு ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள தனியார் நிறுவனத்தின் கொள்கையில் உதவிக் கருவிகளுக்கான ஏற்பாடும், தொடர்பு அலுவலர் நியமனமும் இடம்பெற வேண்டும். பிரெய்ல் காட்சிக்கருவிக்கான கோரிக்கையை அந்த அலுவலருக்கு எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலை வாங்கி வையுங்கள். மென்பொருளுக்கு ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. கொள்முதல் ஒப்பந்தத்தில் அதன் பெயரையே எழுதச் சொல்லலாம்.

ஒருமுறை சரியாக வேலை செய்த மென்பொருள் அடுத்த புதுப்பிப்பிலேயே பேசாமல் போகக்கூடும். மாற்ற மேலாண்மைப் படிவத்தில் காப்புப் பிரதி எடுத்தாயிற்றா என்று கேட்கும் வரிக்கு அடுத்ததாக, திரைவாசிப்பானில் சோதித்தாயிற்றா என்றும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தச் சோதனை உங்கள் வேலை நேரத்திலேயே நடக்க வேண்டும், அதற்கான மணிநேரம் டிக்கெட்டில் பதிவாக வேண்டும், அதில் தோற்ற புதுப்பிப்பு வெளியிடப்படக் கூடாது. இவை மூன்றையும் மேலாளரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.